கையெழுத்துக்கு முந்தைய நேரம்

2013 மார்ச்சில் வெளிவந்த 'சென்னையில் ஒரு நாள்' படத்துக்கு நாயகன் யார் என்று கேட்டால் சிலர் சரத்குமார் என்பார்கள், சிலர் சேரன் என்பார்கள். என் கணக்கில் சாலைதான் நாயகன். மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞனின் இதயத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரு கார் சென்னையிலிருந்து வேலூருக்குப் பறக்கிறது. காவல்துறை ஆணையர் உத்தரவு போடுகிறார், சிக்னல்கள் திறக்கின்றன, ஊரே ஒதுங்கி வழிவிடுகிறது. வேலூரில் ஒரு நடிகரின் மகள் அந்த இதயத்துக்காகக் காத்திருக்கிறாள். இத்தனை வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் போட்டாலும் உட்கார்ந்து பார்த்துவிடுகிறோம். எனக்கும் கடைசி அரைமணி நேரம் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சென்னையை விட்டு வேலூர்ப் பக்கம் கிளம்பும் வண்டிகளில் பெரும்பாலானவை மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி என்று பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து, எங்கள் திருவேற்காட்டுத் திருப்பத்தைத் தாண்டித்தான் போகின்றன. புது வண்டி வாங்கியவர்கள் கருமாரியம்மன் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போகிற ஊர் இது. வண்டிக்கும் சாவுக்கும் உள்ள உறவை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

படத்தின் மீது எனக்குள்ள வழக்கு அந்தச் சாலையைப் பற்றியது அல்ல. கார் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் கழிந்த நேரத்தைப் பற்றியது. விபத்தில் அடிபட்ட கார்த்திக் வென்டிலேட்டரில் இருக்கிறான். அவன் இறந்துவிட்டான் என்று பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. அவர்களால் ஏற்க முடியவில்லை. நண்பன் அஜ்மலும் காதலி அதிதியும் எடுத்துச் சொல்ல, இசைகிறார்கள். அவ்வளவுதான், கதை சாலைக்கு இறங்கிவிடுகிறது. பார்வையாளராக நாமும் அந்த இடத்தில் என்ன செய்கிறோம்? சீக்கிரம் சரி என்று சொல்லித் தொலையேன் என்று அந்தத் தாயிடம் மனசுக்குள் மன்றாடுகிறோம். ஒரு பெண் தன் பிள்ளை செத்துவிட்டானா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருக்கும் நேரம், திரைக்கதையின் கணக்கில் தாமதம். அவளுடைய தயக்கம், பின்னால் வரப்போகும் போக்குவரத்து நெரிசலைப் போன்ற இன்னொரு தடை. தடைகள் நீங்கினால்தான் படம் ஓடும்.

இந்தத் தாமதத்தைத்தான் நான் பேச விரும்புகிறேன். மூளைச்சாவைப் பற்றித் தமிழில் நாம் சொல்லிக்கொள்ளும் கதைகள் அனைத்தும், சினிமாவானாலும் நாளிதழ்ச் செய்தியானாலும் அரசு விழாவானாலும், கையெழுத்துக்குப் பிறகே தொடங்குகின்றன. கையெழுத்துக்கு முந்தைய நேரம் பெரும்பாலும் பெண்களிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் கேட்கும் கேள்வியைப் பாசம், அறியாமை, மூடநம்பிக்கை என்று மூன்றில் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறோம். மருத்துவமும் சட்டமும் இன்னும் முழுசாகத் தீர்த்துவைக்காத கேள்வி அது.

'சென்னையில் ஒரு நாள்' மலையாளத்தில் 2011இல் ராஜேஷ் பிள்ளை இயக்கிய 'டிராஃபிக்' படத்தின் மறு ஆக்கம். மலையாளப் படத்துக்குத் தூண்டுதலோ சென்னையில் நடந்த நிகழ்ச்சி. கதை கேரளம் போய்ச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுப் பையன் இருசக்கர வாகன விபத்தில் சிக்கினான். சென்னையில் மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்டது. அவன் உறுப்புகளைக் கொடுக்கப் பெற்றோரே முன்வந்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு இதயத்தை எடுத்துப்போகக் காவல்துறை வழியை ஒதுக்கிக் கொடுத்தது. பதினோரு நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை என்ற பேச்சு வீடுகளுக்குள் நுழைந்தது அந்த வாரத்தில்தான்.

அந்தப் பையனின் அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி, இருவரும் மருத்துவர்கள். இதை ஊரே அறியும். ஆனாலும் நம் நினைவில் தங்கியது எது? பதினோரு நிமிடம். மருத்துவராகவும் தாயாகவும் ஒரே உடலுக்குள் இருந்துகொண்டு, மகனின் கண்மணியில் வெளிச்சம் பட்டும் சுருங்காததன் பொருள் என்ன என்று படித்துத் தெரிந்துவைத்திருந்த ஒரு பெண், அந்த இரண்டு மூன்று நாட்களை எப்படிக் கடந்தார்? இதைவிடக் கனமான நாடகம் எந்தச் சாலையிலும் இல்லை. சினிமா அதைத் தொடவில்லை. நிஜத்தில் மருத்துவம் தெரிந்து முடிவெடுத்த தாய், திரையில் பிறர் எடுத்துச் சொல்லக் கேட்டு இணங்குகிற தாயாகிவிட்டார். கற்பனைக் கதைக்கு மாற்றும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. எதை மாற்றினார்கள் என்று பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு.

இந்த வேறுபாட்டில் சட்டம் சினிமாவைவிட முன்னால் நிற்பதும் ஒரு வேடிக்கை. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், மூளைத்தண்டுச் சாவு அடைந்தவர் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரானால் பெற்றோரில் எவரேனும் ஒருவர் ஒப்புதல் தரலாம் என்கிறது. தந்தை இல்லாவிட்டால் தாய் என்று எழுதவில்லை. பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் முதலில் தந்தை, அவருக்குப் பின்னரே தாய் என்று எழுதிவைத்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. தாளில் தாயின் கையெழுத்தும் தந்தையின் கையெழுத்தும் ஒரே எடை. பேனா யார் கைக்குப் போகிறது என்பது வேறு கதை.

மூளைத்தண்டுச் சாவு என்பது என்ன? மூச்சை இயக்குவது, விழுங்க வைப்பது, இரும வைப்பது, விழிப்பில் வைத்திருப்பது எல்லாம் மூளையின் அடிப்பகுதியான தண்டின் வேலை. அது மீளமுடியாமல் நின்றுவிட்டால் அந்த மனிதர் தானாக இனி ஒரு மூச்சும் எடுக்கமாட்டார். இதயத்துக்குச் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும்வரை அது சில மணி நேரமோ சில நாட்களோ, அரிதாக அதற்கு மேலுமோ, துடித்துக்கொண்டிருக்கும். பரிசோதிக்க வரும் மருத்துவர்கள் முதலில் மூளை சிதைந்ததற்கான காரணம் தெளிவாகத் தெரிகிறதா, மயக்க மருந்தோ உடல் குளிர்ச்சியோ இந்த நிலையைப் போலியாக உண்டாக்கவில்லையா என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு கண்மணியில் வெளிச்சம், விழிப்படலத்தில் பஞ்சு, காதுக்குள் குளிர்ந்த நீர், தொண்டைக்குள் குழாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். கடைசியில் வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் விட்டு, ரத்தத்தில் கரியமிலவாயு ஏறியும் நெஞ்சு தானாக ஒரு முறையாவது எழுகிறதா என்று பார்க்கிறார்கள். ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்கிறார்கள். நான்கு மருத்துவர்கள் கையெழுத்திடுகிறார்கள். உறுப்பைப் பொருத்தும் குழுவைச் சேர்ந்தவர் இந்த நால்வரில் இருக்கக்கூடாது. ஒழுங்காகச் செய்தால் இது கறாரான பரிசோதனை. இப்படி உறுதிசெய்யப்பட்டவர் எழுந்து வந்துவிடுவார் என்று வாட்சப்பில் சுற்றும் கதைகளுக்கு நான் துணைபோகவில்லை. கோமா வேறு, இது வேறு.

இத்தனையும் மருத்துவரின் கண்ணுக்குத் தெரிவது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரிவது வேறு. நெஞ்சு ஏறி இறங்குகிறது. கை சூடாக இருக்கிறது. திரையில் பச்சைக் கோடு துள்ளுகிறது. சிறுநீர்ப் பை நிரம்புகிறது. முகத்தில் தாடி முளைத்திருக்கிறது. சில நேரம், முன்னறிவிப்பின்றி, கையோ விரலோ அசையவும் செய்யும். முதுகுத்தண்டு தன் பாட்டுக்குச் செய்யும் வேலை அது, மூளைக்குத் தொடர்பில்லை. இதை முன்கூட்டி யாரும் சொல்லாவிட்டால் அந்த அசைவைப் பார்த்துவிட்டு ஒரு பெண் என்ன நினைப்பாள்?

திருவேற்காட்டில் சில பெண்கள் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்துப் பேசினோம். கல்லூரி மாணவிகள் சிலர், செவிலியர் படிப்பில் ஒரு பெண், பக்கத்துத் தெரு ஆயா ஒருவர். படத்தைப் பற்றி ஆயா சொன்னது ஒரே விஷயம்தான். "சாவு வூட்டுக்குப் போனா மொதல்ல காலத் தொட்டுப் பாப்போம். சில்லுனு இருந்தா போயிடுச்சுன்னு அர்த்தம். மூக்குக்கிட்ட கைய வெச்சுப் பாப்போம். இதுல கால் சூடாவே இருக்குமாமே, அப்ப எப்படி அழ ஆரம்பிக்கிறது?"

செவிலியர் மாணவி பதில் சொன்னாள். "மெஷின் ஓடுறதாலதான் ஆயா சூடு இருக்கு. நிறுத்திட்டா கொஞ்ச நேரத்துல ஆறிடும்."

"அப்ப மெஷின நிறுத்துனதும் சொல்லேன், செத்துட்டான்னு. ஏன் ஓடும்போதே சொல்ற?"

மாணவி சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். இந்தக் கட்டுரைக்காக நான் படித்த பல பக்கங்கள் சுற்றிச் சுற்றிப் பேசியது ஆயா கேட்ட இந்த ஒரு வரியைத்தான்.

சாவை அறிவது நம் வீடுகளில் பெண்களின் அறிவாக இருந்திருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குக் கஞ்சி ஊட்டி, மலம் துடைத்து, புரட்டிப் போட்டவளுக்கே மூச்சு மாறியது முதலில் தெரியும். பாலோ தண்ணீரோ உள்ளே இறங்கவில்லை என்று அவள்தான் சொல்வாள். அவள் குரல் எழுந்தால்தான் தெருவுக்குச் சாவு தெரியும். ஒப்பாரி வெறும் துக்கம் அல்ல. அது ஓர் அறிவிப்பும் ஒரு சான்றிதழும். அதற்குப் பிறகு பறை, பாடை, சுடுகாடு எல்லாம் ஆண்களின் பொறுப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவு இந்தச் சான்றிதழைப் பறித்துக்கொண்டது. பறித்ததைத் தவறென்று சொல்லவில்லை. காலைத் தொட்டுப் பார்த்து மூளைத்தண்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த இடத்தில் அவளுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தராமலே அவள் அறிவு செல்லாது என்றாக்கிவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, காலணியைக் கழற்றிவிட்டு, ஒரு நேரத்துக்கு ஒருவர் என்று உள்ளே விடும் இடத்தில் ஒப்பாரிக்கு ஏது வழி. சத்தம் போடாதீங்கம்மா என்று காவலாளி வருவார்.

மொழியும் அவளுக்கு உதவவில்லை. நாளிதழைப் பாருங்கள்: 'மூளைச்சாவு அடைந்தார்' என்று முதல் பத்தியில் வரும். 'அவரது உறுப்புகளைத் தானம் செய்ய முடிவெடுத்தனர்' என்று அடுத்த பத்தி. சில செய்திகளில் மூன்றாம் பத்தியில் அவர் 'உயிரிழந்தார்'. ஒரே மனிதர் ஒரே செய்தியில் இரண்டு முறை சாகிறார். மூளைச்சாவு என்ற சொல்லிலேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. மூளை செத்துவிட்டது, மற்றது இருக்கிறது என்றுதான் காதில் விழும். கை செயலிழந்தது, கால் செயலிழந்தது என்பதுபோல. ஒரு தாய் இதைக் கேட்டுவிட்டு 'மூளைதானே போச்சு, உயிர் இருக்குல்ல' என்றால் தமிழை அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள்.

சட்டம் மட்டும் தெளிவாக இருக்கிறதா? 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிரின் எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவதே இறப்பு என்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டமோ, அந்த மறைவு மூளைத்தண்டுச் சாவாலும் நிகழலாம், இதயமும் மூச்சும் நின்றும் நிகழலாம் என்று விரிக்கிறது. இரண்டாவது சட்டம் எழுதப்பட்டது உறுப்பு மாற்றத்துக்காக. ஆகவே இந்தியாவில் மூளைத்தண்டுச் சாவு என்ற நிலைக்கு உறுப்பு மாற்றச் சட்டத்துக்குள்தான் வீடு இருக்கிறது. குடும்பம் கொடைக்கு மறுத்துவிட்டால் என்ன? அப்போதும் அவர் இறந்தவர்தானா? வென்டிலேட்டரை நிறுத்தலாமா? பல மருத்துவமனைகளில் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். இயந்திரம் ஓடுகிறது, பில்லும் ஓடுகிறது. கேரள அரசு 2020இல், கொடை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூளைத்தண்டுச் சாவை எப்படி உறுதிசெய்வது என்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். கொடுத்தால் பிணம், கொடுக்காவிட்டால் நோயாளி என்ற நிலை எந்தத் தாய்க்கும் சந்தேகத்தைக் கிளப்பும். கிளப்பாவிட்டால்தான் ஆச்சரியம்.

பணம் இந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. 2018இல் தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கிய கேரள இளைஞர் ஒருவரின் உறுப்புகள், சிகிச்சைக் கட்டணத்தைக் கட்ட முடியாத குடும்பத்திடமிருந்து நெருக்கடியில் பெறப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்து, பினராயி விஜயன் தமிழக முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. தமிழ்நாடு உறுப்புக்கொடையில் நாட்டுக்கே முன்னோடி என்பதும் உண்மை. 2008இல் அரசு ஒழுங்குபடுத்திய திட்டமும் 2014இல் வந்த உறுப்பு மாற்று ஆணையமும் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. கொடையில் இவ்வளவு முன்னேறிய மாநிலத்தில் கூடவே வளர்ந்திருக்க வேண்டியது, கேள்வி கேட்கும் பெண்ணுக்குப் பதில் சொல்லும் பழக்கம்.

சாவின் எல்லைக்கோடு பயனைப் பார்த்து நகர்கிறதா என்ற கேள்வியைப் பெண்ணியவாதிகள் கேட்க வேண்டியதற்கு இன்னொரு காரணம், அந்தக் கோடு பெண் உடல்மீது வரையப்படும்போது தெரிகிற கோணல். 2013 நவம்பரில் அமெரிக்காவின் டெக்ஸஸில் மார்லிஸ் முன்யோஸ் என்ற துணை மருத்துவப் பணியாளர் மூளைச்சாவு அடைந்தார். அப்போது பதினான்கு வாரக் கர்ப்பம். அவர் இறந்துவிட்டார் என்பதைக் கணவரும் பெற்றோரும் ஏற்றுக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்கள். மருத்துவமனை மறுத்தது, கர்ப்பிணிக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்த மாநிலச் சட்டம் இடம் தரவில்லை என்றது. கணவர் நீதிமன்றம் போய், இறந்தவருக்கு ஏது உயிர்காப்புச் சிகிச்சை என்று வாதாடி, 2014 ஜனவரியில்தான் மனைவியின் உடலைப் பெற முடிந்தது. 2025இல் ஜார்ஜியாவில் அட்ரியானா ஸ்மித் என்ற செவிலியருக்கும் ஏறத்தாழ அதே கதை. பிப்ரவரியில் மூளைச்சாவு, ஜூனில் அறுவைசிகிச்சை மூலம் குழந்தை, அதன் பிறகே இயந்திரம் நின்றது. மற்ற இடங்களில் குடும்பம் நம்ப மறுக்கும், மருத்துவமனை இறந்துவிட்டார் என்று வற்புறுத்தும். இங்கே தலைகீழ். கருப்பை வேலைசெய்யும்வரை அவள் சாகவும் முடியவில்லை.

அமெரிக்காவிலேயே இன்னொரு சம்பவம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 2013 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஜாஹி மெக்மத் என்ற பதின்மூன்று வயதுக் கறுப்பினச் சிறுமிக்குத் தொண்டை அறுவைக்குப் பிறகு ரத்தப்போக்கு ஏற்பட்டு மூளைச்சாவு அறிவிக்கப்பட்டது. தாய் நைலா விங்க்ஃபீல்ட் ஏற்கவில்லை. இறப்புச் சான்றிதழ் எழுதப்பட்ட மகளை நியூஜெர்சிக்குக் கொண்டுபோனார். மத நம்பிக்கையின் பேரில் மூளைச்சாவை மறுக்க அந்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாநிலத்தில் பிணம், இன்னொரு மாநிலத்தில் நோயாளி. அங்கே, சில மாதங்களில், அந்தச் சிறுமிக்கு மாதவிடாய் வந்தது. பெண் பூப்படைந்ததற்கு மஞ்சள் நீராட்டும் ஊரிலிருந்து இதைப் படிக்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. 2018 ஜூனில் அவர் இறந்ததாக இரண்டாவது சான்றிதழ் எழுதப்பட்டது. அந்தத் தாய் அறிவியலை மறுத்தவர் என்று எழுதியவர்கள் ஏராளம். அவர் வேறொன்றையும் சொன்னார்: ரத்தம் கொட்டியபோது நாங்கள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை, நாங்கள் கறுப்பர்கள் என்பதால். உயிரோடிருந்தபோது சொன்னதைக் கேட்காதவர்கள், செத்துவிட்டாள் என்று சொல்வதை மட்டும் நான் ஏன் நம்ப வேண்டும்? இந்தக் கேள்வியை நம் அரசு மருத்துவமனை வராந்தாக்களில் தமிழிலும் கேட்கலாம்.

கொடுப்பது என்ற செயலுக்குள்ளும் பால் இருக்கிறது. 1994 சட்டத்துக்கு முன்னும் பின்னும் வடசென்னையின் குடிசைப் பகுதிகளில் சிறுநீரகம் விற்றவர்கள் யார்? சென்னையில் விற்ற 305 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில் 71 விழுக்காட்டினர் பெண்கள். 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க. கணவனின் உடம்பு உழைக்கும் உடம்பு, அதை அறுக்கக் கூடாது என்று கழிந்த கணக்கு அது. சட்டப்படி உறவினருக்குக் கொடுக்கும் இடத்திலும் மனைவியும் தாயும்தான் முன்னால் நிற்கிறார்கள். வாங்கிக்கொள்ளும் வரிசையில் ஆண்கள்: 1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் 36,640 உறுப்பு மாற்றங்களில் பெற்றுக்கொண்ட பெண்கள் 6,945 பேர். ஆகவே மூளைச்சாவுக்குப் பிந்தைய கொடை பெருகுவது பெண்களுக்கு நல்லது. உயிரோடிருக்கும் மனைவியின் வயிற்றைக் கிழிக்க வேண்டிய தேவை குறையும். நான் கொடைக்கு எதிரி அல்ல என்பதற்கு இதைவிட நடைமுறையான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2023 செப்டம்பரில் உறுப்புக்கொடை செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். ஆட்சியரோ அமைச்சரோ மலர்வளையத்துடன் வருவதைப் பார்க்கிறோம். கூலி வேலைக்குப் போய் வந்த ஒருவருக்கு அரசே தலைவணங்குவதை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்தச் செய்திப் படங்களை வரிசையாகப் பார்த்தால் மாலை, அதிகாரிகள், காவலர்கள். ஓரத்தில், முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டு ஒரு பெண். பேட்டியில் அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: எப்படி இந்த மனசு வந்தது? 'என் மகன் அஞ்சு பேர் உடம்புல வாழுறான்' என்று சொன்னால் செய்தி முடிந்தது. இறந்துவிட்டான் என்பதை எப்போது நம்பினீர்கள், யார் சொன்னார்கள், எந்தச் சொல்லில் சொன்னார்கள், இரண்டாவது பரிசோதனையின்போது எங்கே இருந்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. தியாகம் என்ற சொல் பெண்ணின் வாயை அடைக்க எவ்வளவு காலமாகப் பயன்படுகிறது என்பதை இந்தத் தொகுப்பின் வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பராமரித்தவளின் குரலுக்குச் சட்டம் எடை கொடுத்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் அங்கே வேலைபார்த்த ஆண் ஒருவனால் தாக்கப்பட்டு, மீளாத நிலைக்குப் போனார். அவர் நிலை மூளைச்சாவு அல்ல. தானாக மூச்சு விட்டார். 42 ஆண்டுகள், ஒரு தலைமுறை ஓய்வுபெற்று அடுத்த தலைமுறை வேலைக்கு வந்தும், அந்த மருத்துவமனைச் செவிலியர்கள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தாளர் பிங்கி விரானி அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 2011 மார்ச்சில் வந்த தீர்ப்பு, அருணாவின் சார்பாகப் பேசும் நெருங்கிய நண்பர் யார் என்பதற்குச் சொன்ன பதில்: மருத்துவமனைப் பணியாளர்கள். அருணாவைப் பற்றி நூலெழுதி உலகுக்குச் சொன்னவர் விரானி, அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. நாற்பது ஆண்டு யாராவது அருணாவிடம் சம்மதம் கேட்டார்களா என்ற கேள்வியும் மிஞ்சுகிறது. ஆனாலும் ரத்த உறவோ தாலியோ இல்லாமல், துடைத்துவிட்டு ஊட்டிவிட்ட கை என்ற ஒரே தகுதியில் ஒருவரின் வாழ்வு சாவு பற்றிச் சொல்லும் உரிமை பெண் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. 2015 மே மாதம் அருணா இறந்தபோது அவர்கள்தான் அழுதார்கள்.

படத்துக்குத் திரும்புகிறேன். அதில் இன்னொரு பெண்ணும் சாவின் விளிம்பில் கிடக்கிறாள். இதயத்துடன் காரில் போகும் மருத்துவர் ராபின், தன் மனைவிக்கும் நண்பனுக்கும் உறவு இருப்பதை அறிந்து அவளைக் காரால் மோதிவிட்டுத்தான் இந்தப் பயணத்துக்கே வந்திருக்கிறார். இனியா நடித்த அந்தப் பெண் பிழைப்பாளா என்பது கதைக்கு எந்த அளவில் முக்கியம்? கார் தடம் மாறுமா என்ற அளவில். ஒரு சிறுமியின் உயிருக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் படத்தில், கணவனால் சாலையில் அடித்துப் போடப்பட்டவளுக்காக எந்தச் சிக்னலும் திறக்கவில்லை. அவளுக்கு ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று நாம் கேட்பதில்லை. துரோகம் செய்தவள் என்று முன்பே அறிமுகமாகிவிட்டாள் அல்லவா.

சொல்வதற்கு நேரமே இல்லை, இதயம் காத்திருக்காது என்று வாதிடலாம். வெளியே எடுத்த இதயத்துக்கு நான்கு மணி நேரம் போலத்தான் அவகாசம், உண்மை. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது உடலிலிருந்து எடுத்த பிறகு. அதற்கு முன்னால், இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே, சட்டமே கட்டாயமாக்கிய ஆறு மணி நேரம் இருக்கிறது. மருத்துவருக்கு அது காத்திருப்பு. குடும்பத்துக்கும் அதுவே காத்திருப்பு, யாரும் எதுவும் சொல்லாத காத்திருப்பு. அந்த ஆறு மணி நேரத்தில் ஒருவர் அந்தத் தாயைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணில் விளக்கு அடித்துக் காட்டலாம். விரல் அசையலாம், அசைந்தால் அதற்குப் பொருள் இது என்று சொல்லலாம். வேண்டுமானால் மூச்சுப் பரிசோதனையின்போது கூடவே இருக்கச் சொல்லலாம். இயந்திரத்தைக் கழற்றிய அந்தச் சில நிமிடம் நெஞ்சு எழவில்லை என்பதை அவளே பார்ப்பாள். மூக்கின் முன் கை வைத்துப் பார்க்கும் ஆயாவின் பரிசோதனைதான் அது, வேறொன்றும் அல்ல. சென்னையில் 1997 முதல் இயங்கும் மோகன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் இதற்கென ஒருங்கிணைப்பாளர்களைப் பயிற்றுவிக்கின்றன. சமூகப்பணி படித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் இளம்பெண்களைப் பற்றித் தமிழில் ஒரு சிறுகதைகூட என் கண்ணில் படவில்லை. நள்ளிரவில் ஒரு குடும்பத்திடம் போய் அந்தச் சொல்லைச் சொல்லி, திட்டு வாங்கி, கூடவே உட்கார்ந்து, விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிறவளைச் சுற்றி ஒரு படம் எடுக்கலாம். சாலையே தேவைப்படாது.

அப்படி எடுக்கக்கூடியவர் ஒருவர் இந்தப் படத்துக்குள்ளேயே இருந்தார். கார்த்திக்கின் தாயாக நடித்திருப்பவர் லட்சுமி ராமகிருஷ்ணன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் தன் முதல் படமான 'ஆரோகணம்' எடுத்திருந்தார். மனநலப் பாதிப்பு உள்ள ஒரு தாய், விபத்து, தேடி அலையும் பிள்ளைகள் என்று, பைத்தியம் என்று ஊர் ஒதுக்கியவளின் பக்கம் நின்று பார்த்த படம் அது. 'சென்னையில் ஒரு நாள்' அவரிடம் கேட்டது அழுகையை மட்டும்.